விடுபட்ட எண்கள்

சிறுவன் ஒருவனின் காற்சட்டைப் பையைக் கவிழ்த்துப் பார்த்தால், அவன் உள்ளம் எதில் ஈடுபட்டுள்ளது என்பது விளங்கிவிடும். சங்கரன்கோவிலிலும் அதனைச் சூழ்ந்த கரிசற் சீமையிலும் என் இளமைக் காலத்தில் அத்தகைய பைகளில் புளியங்கொட்டைகளும் கோலிக்குண்டுகளும் தீப்பெட்டிப் படங்களும் நிறைந்திருக்கும். தீப்பெட்டித் தொழில் செழித்த கோவில்பட்டியும் சிவகாசியும் அண்மையில் இருந்தமையால் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆயினும் அந்தச் சேமிப்புக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எத்தனை படங்கள் சேர்ந்தாலும் 'நிறைந்தது' எனக் கூற இயலாது. பத்துப் படங்கள் தொலைந்தாலும் குறை தோன்றாது.

எண்ணிட்டு வெளிவரும் நூல் வரிசையைச் சேர்ப்பது அவ்வாறன்று. அவ்வரிசையில் ஒரே ஓர் எண் இல்லையெனினும், அவ்விடம் பல் விழுந்த வாய்போலத் தோன்றும். ஒரு வரிசையை முதல் எண் தொடங்கிக் குறைவின்றித் தொகுத்தல் என்னும் இம்முயற்சியைப் பற்றியே இப்பாடத்தில் காண்போம். இதற்கு நான் எடுத்துக்கொள்வது தமிழ்ச் சித்திரக்கதை நூல் வரிசை. தமிழ்ப் புலவன் ஒருவன் சித்திரக்கதையைப் பற்றி எழுதலாமோ என நீங்கள் வியக்கக்கூடும். ஒரு காலத்தில் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

விருதுநகரிலிருந்து தென்காசி செல்லும் இருப்புப்பாதை, சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் ஆகிய ஊர்களைக் கடந்து சங்கரன்கோவிலை அடைகின்றது. அப்பாதையில் உள்ள சிவகாசி, பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் மட்டுமன்றி, அச்சுத் தொழிலுக்கும் பெயர்பெற்ற நகரம். அங்கே 1972 ஆம் ஆண்டில் சௌந்தரபாண்டியன் என்பார் 'முத்து காமிக்ஸ்' என்னும் சித்திரக்கதை வரிசையைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் தொடக்கக் காலத்தில் அதன் ஆசிரியராக விளங்கினார். முதல் நூல் 'இரும்புக்கை மாயாவி'. ஆய்வுக்கூடத்தில் நேர்ந்த விபத்தில் ஒரு கையை இழந்து உலோகக் கை பொருத்திக்கொண்ட ஒருவன், மின்விசை தன் உடலில் பாயும்போது பிறர் கண்ணுக்குத் தோன்றாமல் மறைந்துவிடுகிறான்; அந்தக் கை மட்டுமே வெளியில் தெரியும். இதுவே கதையின் கரு. இக்கதை 1962 ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' என்னும் வார இதழில் வெளிவந்தது. இதற்கு உயிரூட்டிய ஓவியர் ஸ்பெயின் நாட்டினரான ஹெசூஸ் பிளாஸ்கோ. மூலத்தில் அக்கை எஃகினால் ஆயது. தமிழில் அது இரும்பாயிற்று. பொருள் நுணுக்கம் பார்ப்போர் இதனைப் பிழை என்பர்; செவிக்கு இனியது இரும்புக்கையே என்பது என் துணிபு.

1984 ஆம் ஆண்டில் சௌந்தரபாண்டியனாரின் மைந்தர் விசயன், தம் இளம் வயதிலேயே 'லயன் காமிக்ஸ்' என்னும் மற்றொரு வரிசையைத் தொடங்கினார். பின்னர் வேறு சில வரிசைகளும் அந்நகரிலிருந்தே கிளைத்தன. சிவகாசியில் அச்சான அந்நூல்கள் எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக் கடைகளில் கயிற்றில் தொங்கும். தறிநெய்வோர் வீட்டுச் சிறுவர்களும், மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறித்துக் காசு சேர்த்த சிறுவர்களும் அவற்றை வாங்கினர். ஒருவன் வாங்கினால் பதின்மர் படிப்பர். ஆதலின் ஒரு நூல் தெருவைச் சுற்றி வரும்போது அதன் அட்டை கழன்றிருக்கும். இன்னொரு முறை சுற்றியபின் கடைசிப் பக்கமும் இராது.

இவற்றைக் குறைவின்றித் தொகுக்க விரும்புவோன் முதலிற் செய்யவேண்டுவது நூல் வாங்குவதன்று, அட்டவணை எழுதுவது. ஒரு குறிப்பேட்டில் எண், நூற்பெயர், வெளிவந்த திங்கள், நூலின் நிலை ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பத்தி வகுக்கவேண்டும். கையில் இல்லாத எண்ணுக்கும் ஒரு வரி விடவேண்டும். அந்த எண்ணின் பெயரை எவ்வாறு அறிவது? ஒவ்வொரு நூலின் ஈற்றிலும் அடுத்து வரும் நூலைப் பற்றிய விளம்பரம் இருக்கும். வாசகர் கடிதங்களில் முன் வந்த நூலைப் பற்றிய புகழும் இகழும் இருக்கும். கதையைப் படிப்போர் புரட்டித் தள்ளும் இப்பக்கங்களே தொகுப்போனுக்குக் கல்வெட்டுகள். ஆயினும் விளம்பரத்தை அப்படியே நம்பிவிடலாகாது. அறிவித்த கதை ஒன்றாகவும் வெளிவந்த கதை வேறாகவும் அமைவதுண்டு. கோடை மலர், தீபாவளி மலர் முதலிய சிறப்பு வெளியீடுகளும் எளிதில் வரிசைக்குள் அடங்குவன அல்ல. ஒரே கதை மறுபதிப்பாகப் பின்னர் வேறோர் எண்ணுடன் வருதலும் உண்டு. இவற்றையெல்லாம் ஒப்புநோக்கித் தெளிவதற்குள், விளையாட்டாகத் தொடங்கிய சிறுவன் தன்னை அறியாமலேயே பதிப்பாசிரியன் ஒருவனின் பயிற்சியைப் பெற்றுவிடுகிறான்.

எண்களே தொகுப்போனை ஏமாற்றுதலும் உண்டு. அனந்த பை என்பாரை ஆசிரியராகக் கொண்டு 1967 ஆம் ஆண்டில் பம்பாயில் தொடங்கிய 'அமர் சித்திரக் கதை' வரிசையில், பாரதநாட்டுக் கதைகள் 'கிருஷ்ணா' என்னும் நூலுடன் தொடங்குகின்றன. அந்நூலின் எண் 11. முதற் பத்து எண்களும் மேனாட்டுத் தேவதைக் கதைகளுக்கு உரியனவாக முன்னரே அமைந்துவிட்டன. இச்செய்தியை அறியாது, ஒன்று முதல் பத்து வரையுள்ள புராணக் கதைகள் எங்கே எனத் தேடி அலைந்தவர் சிலர் அல்லர். இல்லாத ஒன்றைத் தேடி இளைப்பதினின்றும் காப்பாற்றுவது செவ்விய அட்டவணையே.

விடுபட்ட எண் என்றதும் தமிழ் கற்றோர்க்கு நினைவு வருவது வேறொன்று. நம் எட்டுத்தொகை என்பதே தொகுப்புத்தானே! ஐங்குறுநூறு ஐந்நூறு பாட்டுகளைக் கொண்ட நூல். ஆயினும் அதன் 129, 130 ஆம் பாட்டுகள் கிடைக்கவில்லை. புறநானூற்றில் 267, 268 ஆம் பாட்டுகள் இல்லை. பதிற்றுப்பத்தின் முதற் பத்தும் பத்தாம் பத்தும் முழுமையாகக் கிடைத்தில. இந்நூல்களைப் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர், அடுத்த பாட்டை முன்னுக்கு இழுத்து எண்ணிட்டு அந்த இடைவெளியை மூடிவிடவில்லை. இல்லாத பாட்டின் எண்ணும் அதற்குரிய இடத்திலேயே நிற்கின்றது. அந்த வெற்றிடம் இருப்பதனால் அன்றோ, என்றேனும் ஒரு சுவடியில் அப்பாட்டு அகப்படலாம் என நாம் இன்றும் நம்புகிறோம்?

அப்பெரியார் எங்கள் ஊருக்கு அண்மையில் அடைந்த ஏமாற்றம் ஒன்றை இங்கே கூறாமல் இருக்க இயலவில்லை. சங்கரன்கோவிலுக்கு வடக்கே, இராசபாளையம் செல்லும் சாலையில் உள்ளது கரிவலம்வந்தநல்லூர். அங்கிருந்து ஆண்ட பாண்டிய மன்னரின் ஏட்டுச் சுவடிகள் அவ்வூர்த் திருக்கோவிலைச் சேர்ந்தன எனக் கேள்வியுற்று அவர் ஆவலுடன் சென்றார். பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்துத் தீயில் இட்டுவிட்டதாகவும், அதுவே முறை என்றும் அங்கே அவருக்கு விடை கிடைத்தது. அவர் தம் வரலாற்று நூலில் இதனை எழுதியிருக்கிறார். எரித்தவர் தமிழின் பகைவர் அல்லர், பக்தியுடனேயே எரித்தனர். இந்நிகழ்ச்சியில் என்னை வருத்துவதும் அதுவே. அத்தீயில் போன நூல்கள் எவை என்பதற்கு ஓர் அட்டவணைகூட இல்லை. அட்டவணையேனும் இருந்திருப்பின், நாம் எதனை இழந்தோம் என்றாவது அறிந்திருப்போம்.

சங்கச் சுவடியையும் சிறுவர் சித்திரக்கதையையும் ஒரு தராசில் வைப்பதா எனச் சினவற்க. இரண்டின் மதிப்பும் ஒன்றெனக் கூறவில்லை. அழியும் வழி ஒன்று என்கிறேன். பெருமதிப்புடைய நூலை எவரேனும் ஒருவர் காப்பார். அற்பம் எனக் கருதப்படுவதைக் காப்போர் அரியர். அமெரிக்காவில் 1938 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் எண்ணின் விலை பத்து சென்ட். இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் திரட்டிய இயக்கத்தில் அத்தகைய சித்திரக்கதை நூல்கள் பெருவாரியாகக் கூழாயின. எஞ்சிய சில படிகளுள் ஒன்று 2024 ஆம் ஆண்டில் அறுபது இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. (விலையைக் கேட்டு ஆசை கொள்ளவேண்டா; விற்பதற்கென்றே சேர்ப்பவன் வணிகன்; அவன் வழி வேறு.) நம் நாட்டிலோ, செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா என்னும் பெயர்ப்பலகை ஓவியர், நூல்களோடு நாடக விளம்பரங்களையும் அழைப்பிதழ்களையும் துண்டு அறிக்கைகளையுங்கூடத் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் 1992 ஆம் ஆண்டில் மறைந்தபின், சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை விலைகொடுத்துப் பெற்றது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1994 ஆம் ஆண்டில் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் தோன்றியது. அறிஞர் பலர் இன்று அங்கே சென்று தேடுவன, பிறர் குப்பை எனத் தள்ளிய தாள்களையுமே.

சேர்த்ததைக் காப்பது சேர்ப்பதினும் அரிது. மலிவான தாள் மரக்கூழால் ஆயது. அதில் உள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறும். நாளடைவில் தாள் அப்பளம்போல் நொறுங்கும். முதுகில் குத்திய கம்பி துருப்பிடித்து இரண்டு பக்கங்களைத் தின்னும். கிழிந்த இடத்தில் ஒட்டும் பசைநாடா சில ஆண்டுகளில் மஞ்சட் கறையாக மாறும். அதனினும் கிழிசலே நன்று. பல நூல்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டடம் செய்வோர் ஓரங்களை வெட்டுவர். சில வேளைகளில் அந்த வெட்டில் படத்தில் நிற்போரின் தலையும் போய்விடும். எங்கள் ஊரில் வேறோர் இடரும் உண்டு. சங்கரநாராயணர் திருக்கோவிலின் புற்றுமண்ணைப் பிணி தீர்க்கும் மருந்தென நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். அப்புற்றைக் கட்டும் கறையானோ எங்கள் புத்தகங்களை விடுவதில்லை! சுவரினின்றும் ஒரு சாண் விலக்கி இரும்பு அடுக்கில் நூல்களை நிறுத்தி வைத்தலும், வசம்புத் துண்டுகளை இடையிடையே இடுதலும், திங்கட்கு ஒரு முறை எடுத்துத் தூசி தட்டுதலும் நான் கண்டவரையில் பயன் தருவன.

இவற்றையெல்லாம் நான் நூல்களில் மட்டும் கற்றேன் அல்லேன். பெரும்பாலும் என் மாணவர் ஒருவரிடம் கற்றேன். அது நேர்ந்த வகையையும் சொல்லிவிடுகிறேன்.

1987 ஆம் ஆண்டில் நான் பள்ளி ஒன்றில் இளந் தமிழாசிரியனாக இருந்தேன். செய்யுட்பகுதி நடத்திக்கொண்டிருந்தபோது மூன்றாம் வரிசையில் ஒரு சிறுவன் பாடநூலுக்குள் சித்திரக்கதை ஒன்றை மறைத்து வைத்துப் படித்தான். பிடுங்கிக்கொண்டு, பிற்பகல் முழுதும் அவனை நிற்கவைத்தேன். அன்று இரவு, இதில் என்னதான் இருக்கிறது எனப் பார்க்கத் தொடங்கி, எழாமல் முடிவு வரையில் படித்துவிட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. மறுநாள் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆசிரியன் என்னும் மிடுக்கு இடங்கொடுக்கவில்லை. என் மேசைக்குள் கிடந்த அந்நூல் ஆண்டிறுதியில் பழைய விடைத்தாள்களோடு எடைக்குப் போயிற்று.

நான் ஓய்வு பெற்றபின் அவர் என்னைத் தம் இல்லத்துக்கு அழைத்தார். இப்போது விசைத்தறிகள் வைத்து நடத்துகிறார். மாடியில் ஓர் அறை முழுதும் சித்திரக்கதை நூல்கள் எண்வரிசையில் நின்றன. அவரது குறிப்பேட்டைப் புரட்டினேன். அழகிய கையெழுத்து. ஓரிடத்தில் இரண்டு எண்கள் சிவப்பு மையினால் வட்டமிடப்பட்டிருந்தன.

"இவ்விரண்டும் கிடைக்கவில்லையா, தம்பி?" என்றேன்.

அவர் சற்றுத் தயங்கினார். பின்னர், "ஒன்று தாங்கள் அன்று வாங்கி வைத்த நூல், ஐயா. அது என்னுடையது அன்று. தெற்குத் தெருப் பையனிடம் இரவல் வாங்கியது. அவனுக்கு ஈடாக என் நூல் ஒன்றைக் கொடுத்தேன். அது மற்றொன்று" என்றார். குரலில் குறை சிறிதும் இல்லை. எனக்கே நாவெழவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் அந்நூலை நினைத்ததில்லை. அவரோ ஒவ்வோர் ஆண்டும் அவ்விரண்டு வெற்று வரிகளையும் புதிய குறிப்பேட்டில் மறவாமல் எழுதி வந்திருக்கிறார். மறுபதிப்பும் அவர் கண்ணிற் படவில்லையாம். "அன்று பாதிதான் படித்திருந்தேன். கொள்ளைக் கூட்டத்தின் தலைவன் யார் என்பது இன்னும் எனக்குத் தெரியாது" எனச் சிரித்தார்.

எனக்குத் தெரியும். அக்கதை முழுதும் என் நினைவில் இருந்தது. என்னால் இயன்ற ஈடு இதுவேனும் ஆகட்டும் எனச் சொல்லத் தொடங்கினேன். அவர் விரைந்து கையை உயர்த்தினார்.

"சொல்லிவிடாதீர்கள், ஐயா. நூல் கிடைக்கட்டும்."

ஈடாகக் கொடுத்த நூல் அதன்பின் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அவர் கைக்கு வந்துவிட்டது. மற்றதன் எண்ணை ஒரு சீட்டில் எழுதி என் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஆடித்தவசுத் திருவிழாவின்போது வீதியில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்போரிடமெல்லாம் குனிந்து அதனைக் காட்டி வருகிறேன்.