நாற்பதுக்குப்பின் ஒரு கல்விக் கடன்

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவில் நாற்பது வயதில், இருக்கும் வேலையை விட்டுக் கால்நடை மருத்துவம் பயில எண்ணுகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, இந்த வயதில் படிப்பு ஏறுமா என்பதன்று. பட்டம் பெற்றபின் உழைக்க மிஞ்சும் ஆண்டுகள் அந்தக் கடனைத் தாங்குமா என்பதே. வாயில்லாச் சீவன்களின் நோய் தீர்க்கும் ஆசை மதிக்கத்தக்கது. ஆனால் கடன் ஆசையைப் பார்ப்பதில்லை, வயதைப் பார்க்கிறது.

அந்நாட்டில் கால்நடை மருத்துவம் என்பது, கல்லூரியில் உயிரியல், வேதியியல், இயற்பியல் முதலிய முன்தகுதிப் பாடங்களை முடித்தவர்கள் சேர்ந்து பயிலும் நான்காண்டுத் தொழிற்படிப்பு. வேறு துறையில் இருந்தவர் அப்பாடங்களை மாலை வகுப்புகளில் முடிக்கவே இரண்டாண்டு ஆகலாம் என்பதால், நாற்பதில் முடிவெடுப்பவர் பட்டத்தோடு வெளிவரும்போது வயது 46 ஆகியிருக்கும்.

படிப்புச் செலவு முழுவதையும் கடனாகத் தந்துவந்த ‘கிராட் பிளஸ்’ என்னும் நடுவண் அரசுக் கடன், 2025 ஜூலையில் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிடையாது. மருத்துவம், கால்நடை மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தத்தில் 2 லட்சம் டாலர் என்பதே அரசுக் கடனின் உச்சவரம்பு. இக்கடனுக்குப் பணம் கைக்கு வந்த நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கும். 2025-26 கல்வியாண்டின் வட்டி வீதமான 7.94 விழுக்காட்டையே நான்காண்டுக்கும் கொண்டு பார்த்தால், 2 லட்சம் வாங்கியவர் பட்டம் பெறும் நாளில் வட்டி மட்டும் 35,000 டாலரைத் தாண்டிவிடும். அதை 25 ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை 1,800 டாலருக்குக் குறையாது, கடைசித் தவணை கட்டும்போது வயது 71 ஆகும்.

வருமானத்தில் ஒன்று முதல் பத்து விழுக்காடு வரை தவணையாகச் செலுத்தும் புதிய திட்டம் இதற்கு மாற்றாக உண்டு. அதில் எஞ்சிய கடன் தள்ளுபடியாக 30 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அப்போது வயது 76, தள்ளுபடியான தொகையும் வருமானமாகக் கொள்ளப்பட்டு வரிக்கு உள்ளாகும். இருபத்தாறு வயதில் பட்டம் பெறுகிறவர்க்கு இது பொறுக்கத்தக்க ஏற்பாடு. நாற்பத்தாறு வயதினர்க்கு அன்று.

நடுவயதில் நுழைகிறவருக்கு உண்மையிலேயே பொருந்தும் வழி, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த பொதுப்பணிக் கடன் தள்ளுபடிதான்: அரசு அலுவலகத்திலோ இலாப நோக்கற்ற அமைப்பிலோ முழுநேரமாகப் பணியாற்றி 120 மாதத் தவணைகள் கட்டினால் எஞ்சியது வரியின்றி நீங்கும், 46-இல் தொடங்கினால் 56-இல் விடுதலை. ஆனால் பெரும்பாலான கால்நடை மருத்துவமனைகள் தனியாருடையவை என்பதால், விலங்குக் காப்பகம், பல்கலைக்கழக மருத்துவமனை, அரசின் இறைச்சிப் பரிசோதனை, நோய்க்கட்டுப்பாடு போன்ற பணிகளை மனமார ஏற்பவருக்கே இவ்வழி திறக்கும். மருத்துவர் பற்றாக்குறையுள்ள ஊர்ப்புறங்களில் பணியாற்றுவோரின் கடனை அடைக்க வேளாண் துறையும், 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், உதவுகிறது. எனினும் நள்ளிரவில் கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசுவின் அருகே மண்டியிட்டு உழைக்க ஐம்பது வயது முதுகு இடந்தருமா என்பதை அவரவரே அறிவர்.

பிற மாநிலத்தார்க்குரிய கூடுதல் கட்டணம் அரசுக் கடனின் வரம்பைத் தாண்டும்போது மீதியைத் தனியார் கடனால் நிரப்ப நேரும். முப்பதாண்டுத் தள்ளுபடியும் பொதுப்பணித் தள்ளுபடியும் அதற்குப் பொருந்தா. கடனில் சேராத இழப்பும் உண்டு: நான்காண்டுச் சம்பளமும், ‘401(கே)’ எனப்படும் ஓய்வுக்காலச் சேமிப்பில் அவ்வாண்டுகளில் சேர்ந்திருக்க வேண்டிய தொகையும். அந்தச் சேமிப்பை ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் வழக்கமான வரியோடு பொதுவாகப் பத்து விழுக்காடு கூடுதல் வரியும் விழும் என்பதால், கல்லூரிக் கட்டணத்துக்காக அதில் கைவைப்பது இரட்டை நட்டம்.

ஆகவே, குடியிருக்கும் மாநிலத்திலேயே இடம் கிடைத்து, கடன் அரசு வரம்புக்குள் அடங்கி, வீட்டுச் செலவை வாழ்க்கைத்துணையின் வருமானம் தாங்குமானால் தம்பி தயங்க வேண்டியதில்லை. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும், கால்நடை மருத்துவருக்குத் துணைநிற்கும் தொழில்நுட்பர் ஆவதற்கான ஈராண்டுப் படிப்பே தக்கது. விண்ணப்பம் அனுப்பும் முன், பட்டம் பெறும் வயது, கடைசித் தவணையின் வயது, ஓய்வுபெற நினைக்கும் வயது ஆகிய மூன்றையும் ஒரே தாளில் எழுதி, வீட்டாரோடு அமர்ந்து ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும் என்பதே தம்பியிடம் வைக்கும் வேண்டுகோள்.

அன்புடன்,
அண்ணன்