வண்டல் சொல்லும் வரலாறு

நுழையும்முன்

நீரில் எறிந்தது நீரோடு போயிற்று என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால், போனது எங்கே தங்கியது என்று கேட்பது அறிவியல். மலைமீதுள்ள ஓர் ஏரியின் அடிமண்ணும் துருவக் கடலின் அடிமண்ணும் இக்கேள்விக்கு ஒரே விடையைத் தருகின்றன. அதனை இப்பாடத்தில் அறிவோம்.

எட்டாத தொலைவு

கொடைக்கானலிலிருந்து மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி ஆகிய ஊர்களைக் கடந்து செல்லும் மலைச்சாலை கிளாவரையை அடைகிறது. பழனிமலைத் தொடரின் மேற்கு விளிம்பில் அமைந்த இவ்வூரின் படிக்கட்டு வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் விளைகின்றன. இங்கு நின்று பள்ளத்தாக்கில் எழும் வெண்மேகத்தைக் காண்பவர்க்கு, மாசு என்பது நகரத்தின் நோய், அது இங்கு எட்டாது என்று தோன்றுவது இயல்பே. பனி மூடிய துருவங்களைப் பற்றியும் உலகம் நெடுங்காலம் இவ்வாறே எண்ணியிருந்தது. இவ்விரு எண்ணங்களையும் திருத்தியது நீரடி வண்டல்.

வண்டல் என்னும் ஏடு

கோடையில் வற்றிய கண்மாயிலிருந்து வண்டலை அள்ளி வயலில் இடுவது நம் உழவர் மரபு. மழைநீர் அடித்துவந்த சத்துகள் அதில் தங்கியிருக்கும் என்பதை அவர்கள் அறிவர். சத்தைச் சேர்த்துவைக்கும் அதே வண்டல் நஞ்சையும் சேர்த்துவைக்கும். ஈயம், காட்மியம், செம்பு, பாதரசம் முதலிய உலோகங்கள் நுண்ணிய களிமண் துகள்களிலும் மக்கிய இலைதழைகளிலும் ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. காய்கறிக் கழிவு மக்கி மறையும், உலோகம் மறைவதில்லை.

ஆய்வாளர்கள் நீண்ட குழாயை அடிமண்ணில் செலுத்தி, வண்டலை அடுக்குக் குலையாமல் எடுப்பர். மேலடுக்கு அண்மைக்காலத்தையும் கீழடுக்கு முற்காலத்தையும் காட்டும். ஏறத்தாழ 22 ஆண்டுகளில் பாதியாகக் குறையும் ஈயம்-210 என்னும் கதிரியக்க ஐசோடோப்பைக் கொண்டு அடுக்குகளின் அகவையைக் கணிப்பர். எந்தக் காலத்தில் எந்த உலோகம் மிகுந்தது என்பதை வண்டலே எழுதிவைத்திருக்கிறது.

ஏரியில் படிந்த பாதரசம்

கொடைக்கானல் ஏரி 1863இல் மதுரை ஆட்சியராக விளங்கிய வேர் ஹென்றி லெவிஞ்சின் முயற்சியால் உருவாக்கப்பட்டது. அதன் தெற்கே, பாம்பார் சோலையை ஒட்டி, அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து பெயர்த்துக் கொணரப்பட்ட வெப்பமானி ஆலை 1980களில் இயங்கத் தொடங்கியது. அது பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்திற்கு உரியதாயிற்று. காய்ச்சலை அளக்கும் கருவி ஒவ்வொன்றிலும் பாதரசம் இருந்தது. 2001ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பகுதியின் பழைய பொருள் கிடங்கு ஒன்றில் கிடப்பதை ஊர்மக்களும் சூழலியல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினர். ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவிற்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆலைப்பணியால் உடல்நலக் கேடு நேரவில்லை என்று நிறுவனம் கூறியது. முன்னாள் தொழிலாளர்கள் பல ஆண்டுகள் வழக்காடினர். 2016இல் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு கண்டது.

கண்ணுக்குத் தெரிந்த கழிவு கப்பலேறியது. கண்ணுக்குத் தெரியாதது என்னவாயிற்று? ஐதராபாத்தில் இயங்கும் அணுசக்தித் துறை ஆய்வகத்தின் அறிவியலாளர்கள் கொடைக்கானல், பேரிஜம், குக்கல் ஆகிய மூன்று ஏரிகளின் நீரையும் வண்டலையும் ஆராய்ந்து 2006இல் முடிவை வெளியிட்டனர். வண்டலில் பாதரசம் கொடைக்கானல் ஏரியில் மிகுதியாகவும், பேரிஜத்தில் அதனினும் குறைவாகவும், பூம்பாறைக்கு அப்பாலுள்ள குக்கலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகவும் இருந்தது. ஆலையின் கசிவே கொடைக்கானல் ஏரியை மாசுபடுத்தியது என்பது அவர்களின் முடிவு.

அவர்கள் கண்ட மற்றோர் உண்மை இன்னும் கவலைக்குரியது. கொடைக்கானல் ஏரி வண்டலிலிருந்த பாதரசத்தில் ஏறத்தாழ 6 விழுக்காடு மெத்தில் பாதரசமாக மாறியிருந்தது. உயிர்வளி குறைந்த சேற்றில் வாழும் நுண்ணுயிரிகளே இம்மாற்றத்தைச் செய்கின்றன. மெத்தில் பாதரசம் உயிரினங்களின் உடலில் தங்கும்; சிறு உயிரியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து மனிதருக்கும் செறிவு கூடிக்கொண்டே செல்லும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைத் தாக்கவும் வல்லது.

காற்றேறிய உலோகம்

பாதரசம் அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும் உலோகம். அதன் ஆவி பல மாதங்கள் காற்றில் நிலைத்து, உலகைச் சுற்றிவரும். 1995இல் கனடாவின் வடகோடியிலுள்ள அலர்ட் நிலையத்தில் பதிவான அளவீடுகள் ஒரு வியப்பைக் காட்டின. நெடிய துருவ இரவு முடிந்து கதிரவன் எழும் வசந்தத்தில், காற்றிலிருந்த பாதரசம் திடீரெனக் குறைந்தது. கடல் உப்பிலிருந்து எழும் புரோமின் சேர்மங்கள் பாதரச ஆவியை வேதிமாற்றம் செய்து பனியில் படியச்செய்கின்றன என்பது பின்னர் தெளிவாயிற்று. அதில் ஒரு பகுதி மீண்டும் காற்றில் கலக்கிறது. எஞ்சியது பனி உருகும்போது கடலைச் சேர்ந்து அடிமண்ணிலும் உணவுச் சங்கிலியிலும் இடம்பெறுகிறது. எந்த ஊரின் பாதரசம் எங்குப் படிந்தது என்று பெயர் சுட்டிக் கூற இயலாது. ஆயினும், ஆலையே இல்லாத பனிவெளியில் கடல்நாயையும் திமிங்கலத்தையும் உண்டு வாழும் இனூயிட் மக்களின் குருதியில் பாதரசம் மிகுந்திருப்பது மெய்.

காற்று கொணர்ந்த மாசோடு, மனிதர் நேரே சென்று சேர்த்த மாசும் உண்டு. கிரீன்லாந்தின் மார்மோரிலிக்கில் 1973 முதல் 1990 வரை இயங்கிய ஈய, துத்தநாகச் சுரங்கம் தன் கழிவைக் கடற்கழியில் கொட்டியது. அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ நிலையத்தில் முன்னாளில் குப்பையைக் கடல்பனியின்மேல் குவித்துவைத்தனர். பனி உடைந்தபோது அது கடலுக்குள் போயிற்று. அருகிலுள்ள விரிகுடாவின் அடிமண்ணில் அக்குப்பையின் உலோகங்கள் இன்றும் சான்று பகர்கின்றன. ஆஸ்திரேலியாவின் கேசி நிலையமோ, தன் பழைய குப்பைமேட்டை 2003–04இல் அகழ்ந்தெடுத்துத் தாய்நாட்டிற்குக் கொண்டுசென்றது. 1991இல் கையெழுத்தான மாட்ரிட் உடன்படிக்கை அண்டார்க்டிகாவில் சுற்றுச்சூழல் காப்பைக் கடமையாக்கியது. மைத்ரி, பாரதி என்னும் இந்திய நிலையங்களும் அவ்விதிகளுக்கு உட்பட்டவையே.

மீட்பின் விலை

சப்பானின் மினமாட்டா விரிகுடாவில் பாதரசம் கலந்த வண்டலை அகற்றி அடைக்கும் பணி 1977இல் தொடங்கி 1990இல்தான் முடிந்தது. அவ்வூரின் பெயரைத் தாங்கிய பாதரச உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது. 2018இல் இந்தியா அதனை ஏற்புறுதி செய்தது. நஞ்சைக் கொட்டுவதற்கு ஒரு நொடி போதும். அதனை எடுப்பதற்கு ஒரு தலைமுறை வேண்டும். வண்டலைக் கிளறினால் உறங்கும் நஞ்சு எழும். கிளறாவிடில் அது அங்கேயே கிடக்கும். இவ்விரு இடர்களுக்கு இடையே முடிவெடுக்கும் நிலை வராமல் காப்பதே அறிவுடைமை.

கிளாவரைக்கு அப்பால் சாலை இல்லாதிருக்கலாம். காற்றும் நீரும் அங்கே நின்றுவிடுவதில்லை. உலகிற்குப் புறக்கடை என்று ஓரிடம் இல்லை. நாம் எறிவது யாரோ ஒருவரின் முற்றத்தில்தான் விழுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கண்மாய் அல்லது ஏரியில் எவ்வெவ்விடங்களிலிருந்து நீர் வந்து சேர்கிறது? வரைபடம் வரைந்து, மாசு கலக்கும் இடங்களைக் குறிக்க.

2. ‘கழிவைத் திருப்பி அனுப்பியதோடு கடமை முடிந்ததா?’ – வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

3. வீட்டில் பாதரச வெப்பமானியோ குழல்விளக்கோ உடைந்தால் செய்யவேண்டியவற்றை ஆசிரியரிடம் கேட்டறிந்து அறிவிப்புப் பலகையில் எழுதுக.