ஒலிமாதிரிக் கருவிகள்: ஓர் ஒப்பீடு

சென்ற பருவத்தில் எங்கள் துறைக் கருத்தரங்கில் நான் வாசித்த கட்டுரையில், ‘சாம்ப்ளர்’ எனப்படும் பழைய ஒலிமாதிரிக் கருவிகளை எண்களை வைத்து வரிசைப்படுத்தியிருந்தேன். இ-மு நிறுவனத்தின் எஸ்பி-1200க்குக் கடைசிக்கு முந்திய இடம் கொடுத்தேன். பேராசிரியர் ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, இவற்றைக் காதால் கேட்டுப் பார்த்தாயா?” நான் கேட்டதில்லை. இக்கட்டுரை அந்த வரிசைக்கு நான் எழுதும் திருத்தம் என்று கொள்க.

வெளியிலுள்ள ஏதேனும் ஓர் ஒலியைப் பதிந்து, அதையே வெவ்வேறு சுருதிகளில் வாசிக்கத் தருவது சாம்ப்ளர். ஒலியலையை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, எண்களாக்கி நினைவகத்தில் வைக்கிறது. 8 பிட் கருவியில் ஓர் அளவுக்கு 256 படிகள். 12 பிட் கருவியில் 4096. அளக்கும் வேகத்தையும் நுட்பத்தையும் கூட்டினால் நினைவகம் விரைவில் நிரம்பிவிடும். சிக்கல் முழுவதும் இங்கேதான்.

1979இல் சிட்னியில் பீட்டர் வோகலும் கிம் ரைரியும் உருவாக்கிய ஃபேர்லைட் சிஎம்ஐ 8 பிட் கருவி. ஒரு குரலுக்கு 16 கிலோபைட் நினைவகம். நொடிக்கு 16,000 முறை அளந்தால் ஒரே நொடியில் தீர்ந்தது! ஆயினும் திரையில் ஒளிப்பேனாவால் அலையை வரையலாம் என்பது அந்நாளில் பெரும் புதுமை. விலையோ பல்லாயிரம் பவுன். பீட்டர் கேப்ரியல், கேட் புஷ் போன்றோருக்கே அது எட்டியது.

1986இல் வந்த அகாய் எஸ்900 12 பிட் கருவி. 40 கிலோஹெர்ட்ஸ் வேகத்திலேயே ஏறத்தாழ 12 நொடி பதியும். தெளிவானது. ஆனால் அது வெறும் பெட்டி. வாசிக்க வேறொரு கருவியை இணைத்தாக வேண்டும்.

எஸ்பி-1200 (1987) அப்படியன்று. தட்டுவதற்கு 8 பொத்தான்கள், தாளத்தைக் கோத்து வைக்கும் வசதி எல்லாம் அதனுள்ளேயே உண்டு. குறை, காலம். மொத்தம் 10 நொடி. ஓர் ஒலிக்கு மிகுதியாக 2.5 நொடி. வேகமும் 26 கிலோஹெர்ட்ஸ்தான். ஆகவே 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி பதிவாகாது.

நியூயார்க்கின் ஹிப்ஹாப் இசைஞர்கள் இதற்கொரு வழி கண்டனர். 33⅓ சுற்று இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதிவார்கள். பிறகு கருவிக்குள் சுருதியை இறக்குவார்கள். விகிதம் 1.35. எனவே 2.5 நொடி இடத்தில் ஏறத்தாழ 3.4 நொடி இசை அடங்கிற்று. சிக்கனத்துக்காகச் செய்தது இன்னொன்றையும் கொடுத்தது. சுருதியை இறக்கும்போது இக்கருவி இடைப்பட்ட அளவுகளைக் கணக்கிட்டு நிரப்புவதில்லை. இருக்கும் அளவையே மறுபடி வைத்துவிடும். அதனால் மூலத்தில் இல்லாத உயர் அதிர்வெண்கள் பிறக்கின்றன. பாடநூல் இதைப் பிழை என்கிறது. நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

விடுமுறையில் வீட்டுக் கணினியில் இதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மேசையைத் தட்டிய ஓசையைப் பதிந்து, 12 பிட்டுக்கும் 26 கிலோஹெர்ட்ஸுக்கும் குறைத்து, சுருதியை இறக்கினேன். மரத்தட்டல் மெல்லிய உலோகச் சிலிர்ப்போடு, முன்னிலும் கனமாக ஒலித்தது. அதுவே எனக்குப் பிடித்திருந்தது. உடனே என் தங்கை பாடிய ஒரு வரியையும் அவ்வாறே இறக்கினேன். தகரத்தில் மணலைக் கொட்டியதுபோல் இருந்தது. அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

தாளத்துக்கு எஸ்பி-1200ஐ இப்போது முதலிடத்தில் வைக்கிறேன். பாட்டுக்கு எஸ்900தான்.