மாசியில் இருட்டு இல்லை

தைப்பொங்கல் விழாக்களும் தமிழ் மரபுத் திங்கள் மேடைகளும் ஓய்ந்ததும் ரொறன்ரோத் தமிழர் பலரும் வீட்டுக்குள் அடங்கிவிடுகிறோம். மாலை நடை நின்றுபோகிறது. பிள்ளையின் மிருதங்கம் உறைக்குள் போகிறது. தைக்க வெட்டிவைத்த துணி அப்படியே கிடக்கிறது. "ஸ்னோ போகட்டும், சித்திரைக்குப் பிறகு பார்ப்பம்" என்பதுதான் எல்லார் வாயிலும். மாசியும் பங்குனியும் சேர்ந்தால் வருடத்தில் ஆறில் ஒரு பங்கு. அதைக் கைவிடுவதற்கு நாம் சொல்லும் காரணங்களில் பல பிழையானவை.

முதலாவது, இது இருட்டுக் காலம் என்பது. டிசம்பர் 21 அளவில் ரொறன்ரோவில் பகல் 9 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. பெப்ரவரி 20 ஆகும்போது அது பத்தே முக்கால் மணி நேரத்தைத் தொட்டுவிடும். கிட்டத்தட்ட இரண்டு மணி நேர வெளிச்சம் திரும்பியிருக்கும், குளிர்தான் விலகியிருக்காது. நிலமும் ஒன்ராறியோ ஏரியும் வெப்பத்தை மெதுவாக விடும், மெதுவாகத்தான் திரும்பச் சேர்க்கும். அதனால் வெளிச்சம் முன்னே வர, வெப்பம் சில கிழமைகள் பின்தங்கி வருகிறது. உடம்பு குளிரிலேயே இருப்பதால் மனமும் டிசம்பரை விட்டு நகர மறுக்கிறது. மாசிக் கடைசியில், வேலை முடிந்து ஐந்து மணிக்கு வெளியே வருகிறவருக்குச் சூரியன் இன்னும் மேலேதான் நிற்கும்.

வெளியே போனால் தடிமன் பிடிக்கும் என்று அம்மாமார் சொல்வதையும் பார்க்க வேண்டும். தடிமன் வைரஸால் வருவது. குளிர்காற்று மூக்கின் எதிர்ப்புச் சக்தியைக் கொஞ்சம் தளர்த்தலாம். ஆனால் வைரஸ் பெரும்பாலும் கைமாறுவது, ஜன்னல் அடைத்த அறையில், ஹீற்றர் உலர்த்திய காற்றில், ஆட்கள் நெருக்கி இருக்கும்போது. உடல் வெப்பத்தில் பாதி தலைவழியே போகிறது என்பதும் உண்மை இல்லை. தலை உடல் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, வெப்ப இழப்பும் அந்த அளவுதான். காது உறையாமல் இருக்கத் தொப்பி வேண்டும், அது வேறு கதை. உண்மையில் பயப்பட வேண்டியவை இரண்டு. காற்றோடு சேர்ந்த குளிர் −28க்குக் கீழே போனால் திறந்த தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறைந்து புண்ணாகலாம். மற்றது, பகலில் உருகி இரவில் இறுகும் நடைபாதைப் பனிக்கட்டி. வயதானவர்களுக்கு மாசி, பங்குனியில் இந்தக் கண்ணாடித் தரைதான் முதல் எதிரி. சப்பாத்தின் அடியில் மாட்டும் பல்லுப்பட்டைக்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

ஜன்னலோரம் வெயில் காய்ந்தால் வைற்றமின் டி கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையை நான் இன்னும் கவலையோடு பார்க்கிறேன். இதில் இரண்டு பிழைகள் உண்டு. தோலில் அந்த வைற்றமினை உண்டாக்கும் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். வெளியே போய் நின்றாலும் பெரிய மாற்றம் இல்லை. 1988இல் வெளியான ஒரு ஆய்வில், பொஸ்டன் நகர வெயிலில் நவம்பர் முதல் பெப்ரவரி வரை தோலில் அந்த உற்பத்தியே நடக்கவில்லை. ரொறன்ரோ பொஸ்டனுக்கும் சற்று வடக்கே இருக்கிறது. நம்முடைய கறுத்த தோலுக்குக் கோடையிலேயே கூடுதல் நேரம் வேண்டும். ஆகவே இந்த மாதங்களில் சாப்பாடும் மாத்திரையும்தான் வழி. கனடாவில் ஒரு வயது முதல் 70 வயதுவரை ஒரு நாளைக்கு 600 அலகும் அதற்கு மேல் 800 அலகும் பரிந்துரைக்கப்படுகிறது.

அப்படியானால் வெளியே போய் என்ன பயன்? கண் வழியாகப் போகும் வெளிச்சம் வேறு வேலை செய்கிறது. அது மூளையில் இருக்கும் உடற்கடிகாரத்தைக் காலையில் திருத்தி வைக்கிறது. வீட்டு விளக்கு வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான். மேகம் மூடிய குளிர்கால நண்பகலிலும் வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும், புதுப்பனி அதில் பெரும்பங்கைத் திருப்பியும் வீசும். ஸ்காபரோவில் பேஸ்மென்ற்றில் இருக்கும் முதியவர் ஒருவருக்குத் தெருமுனைவரை போய்வரும் இருபது நிமிடக் காலை நடை எவ்வளவு பெரியது என்று பிள்ளைகள் யோசிக்க வேண்டும். மால் நடை கால்களுக்கு நல்லது, ஆனால் இந்த வெளிச்சம் அங்கே கிடைக்காது.

ஒவ்வொரு குளிர்காலமும் ஒருவர் எதிலும் நாட்டமில்லாமல், கூடுதலாகத் தூங்கி, கூடுதலாகச் சாப்பிட்டு ஒடுங்கிப்போனால் அதைச் சோம்பல் என்று திட்டக்கூடாது. நோர்மன் ரோசந்தாலும் சக மருத்துவர்களும் 1984இல் பருவகால மனச்சோர்வு என்று விவரித்த நோய் அது. காலையில் 10,000 லக்ஸ் விளக்கின் முன் அரை மணி நேரம் இருப்பது அதற்கான சிகிச்சைகளில் ஒன்று. கண் நோய் உள்ளவர்களும் மனநிலை ஏறி இறங்கும் நோய் உள்ளவர்களும் குடும்ப வைத்தியரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும்.

கடைசி நம்பிக்கை, குளிரில் கற்பனை உறைந்துவிடும் என்பது. இதற்கு ரொறன்ரோவே பதில் வைத்திருக்கிறது. ரொம் தொம்சன் என்ற ஓவியர் வசந்தம் முதல் இலையுதிர்வரை அல்கொன்குயின் காட்டில் தோணியில் திரிந்து, ஒரு கொப்பி அளவே உள்ள சிறு பலகைகளில் வேகவேகமாகத் தீட்டுவார். குளிர்காலத்தில் ரோஸ்டேலில், ஓவியர்களுக்காகக் கட்டிய ஸ்டூடியோ பில்டிங்கின் பின்னால் இருந்த ஒரு மரக்கொட்டிலில் தங்குவார். அந்தப் பலகைகளை எடுத்துவைத்து, பெரிய திரைகளில் பொறுமையாக வளர்ப்பார். இரவில் பனிமிதியடி கட்டிக்கொண்டு பக்கத்துப் பள்ளத்தாக்குகளில் நடப்பார். 1916–17 குளிர்காலத்தில் அந்தக் கொட்டிலில் உருவானவைதான் 'ஜாக் பைன்', 'வெஸ்ற் விண்ட்' என்ற இரண்டு ஓவியங்களும். அடுத்த யூலையில் 39 வயதில் அவர் ஏரியில் இறந்துபோனார். அந்த ஓவியங்களில் ஒன்று இப்போது ஒட்டாவாவிலும் மற்றது ரொறன்ரோ கலைக்கூடத்திலும் இருக்கின்றன. கொட்டிலைக் கிளைன்பேர்க்கில் மக்மைக்கல் கலைக்கூட வளவில் பார்க்கலாம்.

கோடையில் சேர்த்ததைக் குளிரில் வேலையாக்கியவர் அவர். நம்மிடமும் சேர்த்தது நிறைய இருக்கிறது. கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்களின் தொலைபேசியில் அம்மம்மாவின் பேச்சு கிடக்கும்: ஒடியல் கூழ் காய்ச்சும் முறை, இடப்பெயர்வில் விட்டுவந்த வீடு, யார் யாருக்கு என்ன உறவு. அதைப் பத்துப் பத்து நிமிடமாகக் கேட்டு எழுதுங்கள். விளங்காத சொல் வந்தால் அவரிடமே கேட்கலாம். மாசியில் இங்கே இரவு எட்டரை ஆகும்போது யாழ்ப்பாணத்தில் காலை ஏழு மணி, அவர் எழும்பியிருப்பார்.