சமதரையில் ஒரு தெமோதரை வளையம்

தெமோதரையில் ரயில் பாதை மலையைச் சுற்றி வட்டமடிக்கிறது. ஸ்டேஷனுக்கு நேர் கீழே சுரங்கத்தில் போவதும் அதே பாதைதான். மலைச் சரிவு கேட்ட சுற்று அது. பதுளைப் பக்கம் நம் பிள்ளைகள் எழுதும் ஜாவா புரோகிராம்களில் பல வேளை அந்த வளையம் தேவையே இல்லாத சமதரையில் கிடக்கிறது. பிழை பிள்ளைகளிடம் இல்லை, சொல்லிக்கொடுத்த சில நம்பிக்கைகளில் இருக்கிறது.

நம்பிக்கை: உலகில் உள்ளதெல்லாம் கிளாஸ், அதன் வாரிசு என்று பிரிந்தே ஆகவேண்டும்.

உண்மை: தோட்டத்து வேலைப் பதிவேடான செக்ரோலை எடுங்கள். ‘தொழிலாளி’ என்று ஒரு கிளாஸ். வாரிசுகளாகக் ‘கொழுந்து எடுப்பவர்’, ‘கவ்வாத்து வெட்டுபவர்’, ‘பெக்டரி ஆள்’. போர்டில் வரைந்தால் அழகுதான். ஆனால் திங்கள் கொழுந்து மலைக்குப் போன அக்கா செவ்வாய் புல்லு வெட்டப் போவார், ஞாயிறு கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பார். இப்போது அவர் எந்த வாரிசு? சம்பளம் ஆளின் வகையைப் பார்ப்பதில்லை. இன்றைக்கு என்ன வேலை, எத்தனை கிலோ, முழுப் பேரா (முழுநாள்) அரைப் பேரா என்றுதான் பார்க்கும். கணக்கப்பிள்ளை இதை ஆளுக்கொரு வரி, நாளுக்கொரு கட்டம் என்று தாளில் முடித்தார். புரோகிராமிலும் ஓர் அட்டவணை, கூட்டிப்பார்க்க ஒரு ஃபங்ஷன், 8 சதவீத ஈ.பி.எப். கழிவுக்கு இன்னொரு வரி. அவ்வளவுதான்.

நம்பிக்கை: ஒப்ஜெக்ட் முறையின் உயிரே இந்த வாரிசுமுறைதான்.

உண்மை: கிளாஸும் வாரிசும் நோர்வேயில் டாலும் நைகார்டும் உருவாக்கிய சிமுலா 67 மொழியில் வந்தவை. ஒப்ஜெக்ட் என்ற பெயரைப் பரப்பிய அலன் கேயோ, ஒப்ஜெக்டுகள் தமக்குள் அனுப்பும் செய்திகளே பெரிய விஷயம், பெயர் பலரைச் சின்ன விஷயத்தின் பக்கம் திருப்பிவிட்டது என்று 1998இல் வருத்தப்பட்டார்.

நம்பிக்கை: டிசைன் பெட்டர்ன் நிறைய இருந்தால் கைதேர்ந்த வேலை.

உண்மை: 1994இல் இவற்றைப் பற்றி நால்வர் எழுதிய நூலில் 23 பெட்டர்ன்கள். வாரிசாக்குவதைவிட ஒப்ஜெக்டுகளைச் சேர்த்துக் கட்டுவதே மேல் என்று சொல்வதும் அதே நூல்தான். அந்தப் பக்கத்தைப் பரீட்சையில் கேட்டு நான் கண்டதில்லை. லிஸ்ப், டிலன் போன்ற மொழிகளில் அந்த 23இல் 16 மிக எளிதாகிவிடுகின்றன என்று பீட்டர் நோர்விக் 1996இலேயே காட்டினார். பெட்டர்ன்களில் ஒன்றின் பெயர் ‘பெக்டரி’. நம் பெக்டரியில் கொழுந்து போட்டால் தேயிலை வரும். சில கோட்களில் பெக்டரிக்குள் போனால் இன்னொரு பெக்டரிதான் வருகிறது!

ஆனால் கொழுந்து நிறுக்க இரண்டு கம்பனிகளின் மின்னணுத் தராசுகள் வந்து, ஒவ்வொன்றும் எடையை ஒவ்வொரு விதமாய் அனுப்பினால், அங்கே தாராளமாக ஓர் இன்டர்பேஸ் போடுங்கள். அது நிஜமான ஏற்றம், வளையம் அங்கே தேவைதான்.