அட்வான்ஸுக்கு முன்: தாம்பரம் பக்கம் வீடு வாங்க, விற்கச் சில குறிப்புகள்

நல்ல நாள் பார்த்து டோக்கன் அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பத்திர நகலைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் ஓடுவது நம்மவர் வழக்கம். வரிசையை மாற்றினாலே பாதித் தொல்லை குறையும். கீழே உள்ளவற்றில் பெரும்பாலானவை அட்வான்ஸுக்கு முன்பு செய்ய வேண்டியவை.

1. சித்திரை வெயிலில் பார்த்தால் எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். கார்த்திகை மழையில் ஒரு நடை போய்ப் பாருங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர், வரதராஜபுரம் தெருக்களில் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கம் தண்ணீரில் நின்றது. மழைக்காலம் வரை காத்திருக்க முடியாதென்றால் தடயங்களைத் தேடுங்கள். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் கறைக்கோடு இருக்கிறதா? ஈ.பி. மீட்டர் பெட்டியைத் தலைக்கு மேலே ஏற்றி வைத்திருக்கிறார்களா? தெரு மட்டத்தைவிட வாசல்படி தாழ்ந்து கிடக்கிறதா? இஸ்திரிக்காரரிடமும் மளிகைக்கடையிலும் "2015-ல இங்க எவ்வளவு தண்ணி வந்துச்சு?" என்று கேளுங்கள். "வந்துச்சா" என்று கேட்டால் "அதெல்லாம் இல்லீங்க" என்பார்கள். "எவ்வளவு" என்றால் முழங்காலா இடுப்பா என்று கையைக் காட்டிவிடுவார்கள்.

2. சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் எல்லாமே ஏரி உள்ள ஊர்கள். ஒரு ஏரி நிரம்பினால் உபரிநீர் எந்த வழியாகப் போகும் என்பது தெரிந்திருக்க வேண்டும். வருவாய்த் துறையின் இணையச் சேவையில் எஃப்.எம்.பி. (புல அளவை) வரைபடம் கிடைக்கும். அதில் மனையை ஒட்டி வாய்க்காலோ ஓடையோ காட்டியிருந்து, நேரில் அந்த இடத்தில் சிமென்ட் ரோடு இருந்தால் யோசியுங்கள்.

3. விளம்பரத்தில் "மேற்குத் தாம்பரம் மிக அருகில்" என்று இருக்கும். பத்திரத்தில் வேறு கிராமம், சில சமயம் வேறு மாவட்டமே இருக்கும். வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது ஒட்டியிருந்த முடிச்சூர் அதில் சேரவில்லை. வரி, குப்பை, சாக்கடை எல்லாம் மனை எந்த உள்ளாட்சியில் வருகிறது என்பதைப் பொறுத்தவை. "கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் அஞ்சே நிமிஷம்" என்பவரை ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டுக்குக் கூட்டிப்போங்கள்.

4. மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய பத்திரம் வரை கை மாறிய வரிசை அறுபடாமல் இருக்க வேண்டும். வில்லங்கச் சான்றை (ஈ.சி.) குறைந்தது 30 வருடத்துக்குப் போடுங்கள். 1975-க்குப் பிந்தைய பதிவுகளைப் பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். ஆனால் ஈ.சி. சுத்தமாக இருப்பதாலேயே சொத்தும் சுத்தம் என்று ஆகிவிடாது. பதிவானவை மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாத உயில், வாரிசுச் சண்டை, நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதுவும் தெரியாது. "பேங்க்லயே லோன் தராங்க சார்" என்பதும் முழு உத்தரவாதம் இல்லை. பேங்க் வக்கீல் பேங்குக்காகப் பார்க்கிறார். உங்களுக்கென்று ஒருவர் பார்க்கட்டும்.

5. பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, சர்வே எண் பத்திரத்தோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பதிவேட்டில் புறம்போக்கு, கோயில் நிலம், பஞ்சமி நிலம் என்று இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

6. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பேச்சை நம்பாதீர்கள். மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. வேலை. ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிப் பக்கத்துப் பழைய மனைப்பிரிவுகளுக்கு டி.டி.சி.பி. எண் இருக்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் உயர் நீதிமன்றம் தடை போட்டது. மறு வருடம் வரன்முறைத் திட்டம் வந்தது. அதில் வரன்முறைப்படுத்திய மனை என்றால் அந்த உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

7. பவர் ஏஜென்ட் விற்கிறாரா? பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவர் ரத்தாகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் உரிமையாளரிடமே போனில் பேசுங்கள். வெறும் பவரை எழுதி வாங்கிக்கொண்டால் சொத்து உங்களுடையதாகாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

8. பிளாட் என்றால் மார்பிளைப் பார்ப்பதற்கு முன் யு.டி.எஸ். (பிரிக்கப்படாத நிலப் பங்கு) எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். நாளைக்கு இடித்துக் கட்டும்போது அதுதான் மிஞ்சும். மனை 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ இருக்கும் புதுத் திட்டம் ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். அங்கே ஒப்பந்தம் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை இல்லை.

9. தனி வீடு வாங்கி மாடி எடுக்கும் எண்ணமா? தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றியும், மீனம்பாக்கம் விமான நிலையத்தை ஒட்டிய பம்மல், பொழிச்சலூர் பக்கமும் உயரக் கட்டுப்பாடு உண்டு.

10. போர் எத்தனை அடி, கோடையில் லாரித் தண்ணி வாங்குகிறார்களா, பாதாளச் சாக்கடையா செப்டிக் டேங்கா? செப்டிக் டேங்க் என்றால் லாரி உள்ளே வரத் தெருவில் அகலம் இருக்க வேண்டும். இதையெல்லாம் வீட்டுக்காரரைவிட வாடகைக்கு இருப்பவர் நேராகச் சொல்வார்.

11. தமிழகத்தில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்தாக வேண்டும். செலவுக்குப் பயந்து முத்திரைத்தாளில் கையெழுத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். வில்லங்கம் தெரியவந்தால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கை மாறவே கூடாது.

12. பேசிய விலைக்கு மேல் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, கிரயத் தொகை இரண்டில் எது கூடுதலோ அதன் மீது. புது பிளாட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் சலுகை உண்டு: 50 லட்சம் வரை மொத்தம் 6 சதவீதம், 3 கோடி வரை 7. பத்திரத்தில் குறைத்துக் காட்டலாம் என்று ஆசை காட்டுவார்கள். லோன் குறையும், நாளைக்கு நீங்கள் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரிந்து வரியும் ஏறும்.

13. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குபவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடித்து விற்பவரின் பான் எண்ணில் கட்ட வேண்டும். உரிமையாளர் வெளிநாட்டில் குடியேறியவர் என்றால் கணக்கே வேறு. பிடித்தம் மிக அதிகம். பிள்ளைகளோடு அமெரிக்கா போய்விட்டவர்களின் வீடுகள் இந்தப் பக்கம் ஏராளம், ஆகவே முதலிலேயே ஆடிட்டரைப் பாருங்கள்.

இனி விற்பவர்களுக்கு.

14. வீட்டுக்கடனை அடைத்து, பேங்கிலிருந்து பத்திரத்தை வாங்கி பீரோவில் வைத்தாயிற்றா? போதாது. சார்பதிவகத்தில் ரசீது ஆவணம் பதியும்வரை ஈ.சி.யில் அந்தக் கடன் நின்றுகொண்டே இருக்கும். ஆள் வந்த பிறகு இதற்காக அலைந்தால் வந்தவர் விலையைக் குறைப்பார்.

15. அப்பா பெயரில் உள்ள வீடு, உயில் இல்லை என்றால் அம்மா, அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். "தங்கச்சிக்கு நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு" என்பது சார்பதிவாளரிடம் செல்லாது. பங்கு வேண்டாம் என்கிறவர் விடுதலைப் பத்திரம் பதிந்து தரட்டும். வீட்டுக்குள் பேச வேண்டியதை விளம்பரம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள்.

16. ஆதார், பான், பட்டா, பத்திரம் நான்கிலும் இனிஷியல் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். புரோக்கரிடம் நகல் மட்டும் கொடுங்கள். அசல் வீட்டைத் தாண்டக் கூடாது. விற்றுத் தருகிறேன் என்று பவர் கேட்டால் அதுவும் வேண்டாம்.

17. ஓதம் ஏறிய சுவருக்குப் புட்டி பூசி மறைக்காதீர்கள். முதல் மழையில் வெளியே வரும், பாக்கிப் பணத்தில் சண்டையாகும்.

18. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டுக்கு லாபத்தில் 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால், இந்தியாவில் வசிப்பவர் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் பழைய முறையோடு ஒப்பிட்டு, குறைவானதைக் கட்டலாம்.

19. வாங்கியவர்களுக்குக் கடைசியாக ஒன்று: பதிவு முடிந்த வாரமே சொத்து வரி, ஈ.பி. இரண்டிலும் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள்; பட்டா மாறியதா என்றும் பாருங்கள். உட்பிரிவு இல்லாத மனைக்குப் பட்டா தானாகவே மாறிவிடும். உட்பிரிவு உண்டென்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அவர் வரும் நாளில் பக்கத்து மனைக்காரரையும் கூப்பிட்டு நிற்க வையுங்கள்.