நாழிகை ஏவலனும் அவன் உரிமையும்

யூனிக்ஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்களில், குறித்த நாழிகையில் குறித்த கட்டளையைத் தானே நிறைவேற்றும் நிரல் ஒன்று உண்டு. அதன் பெயர் கிரான். 1979-ஆம் ஆண்டு வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே அஃது இடம்பெற்றிருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு நம் நாட்டுச் சி-டாக் நிறுவனத்தார் அமைத்த பாஸ் லினக்ஸிலும் அதனைக் காணலாம்.

கையால் ஏவும்போது பழுதின்றி நடக்கும் ஷெல் கட்டளை, நள்ளிரவில் கிரான் ஏவும்போது 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று நின்றுவிடுவதுண்டு. இதன் காரணம் யாது? நம் காட்பாடிச் சந்திப்பில், அட்டவணையில் குறித்த நேரம் வந்துவிட்டாலும் கைகாட்டி வழிவிட்டாலன்றி வண்டி புறப்படாது. காலம் வேறு, அனுமதி வேறு. கிரான் காலத்தையே அறியும். அனுமதியை நாமே வகுத்தல் வேண்டும்.

முதற்கண், யார் பெயரால் வேலை நடைபெறுகிறது என ஆராய்க. ஒவ்வொரு பயனருக்கும் தனி அட்டவணை உண்டு. எவருடைய அட்டவணையோ அவருடைய உரிமையே வேலைக்கும் உரியது. 'ஐடி' என்னுங் கட்டளையை அவ்வேலையிற் சேர்த்து, அதன் விடையையும் பிழைச்செய்திகளையும் ஒரு கோப்பில் எழுதச் செய்தால் உண்மை விளங்கும்.

இரண்டாவதாக, கோப்பினை இயக்கும் உரிமை மட்டும் போதாது; அதற்குச் செல்லும் வழியிலுள்ள ஒவ்வோர் அடைவிலும் புகும் உரிமை வேண்டும். அறையின் திறவுகோல் கையிலிருந்தும் தலைவாயில் பூட்டியிருப்பின் பயன் என்னை?

மூன்றாவதாக, 'கட்டளை காணப்படவில்லை' என்பது அனுமதிக் குறையன்று. கிரான் நிரல்களைத் தேடும் இடங்கள் மிகச் சில. ஆதலின் நிரலின் முழு வழியையும் எழுதுக.

நான்காவதாக, 'சூடோ' கடவுச்சொல் கேட்குமாயின், நள்ளிரவில் விடையளிப்பார் இலர். வேண்டிய அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் கடவுச்சொல்லின்றி இசைவளித்தலே முறை.

இவற்றை ஆராயாது, 777 என எல்லார்க்கும் எல்லா உரிமையும் வழங்கிவிடுவார் சிலர். அதனால் வேலை நடைபெறலாம். ஆயினும் அக்கோப்பை எவரும் திருத்தலாம். அது தலைமைப் பயனரின் வேலையாயின், திருத்தியவன் எழுதியது தலைமைப் பயனரின் அதிகாரத்தாலேயே நடந்தேறும். இதனாலன்றோ டெபியனில், பிறர் எழுதுமாறு திறந்துவைத்த பொது அட்டவணைக் கோப்பைக் கிரான் ஏற்க மறுக்கின்றது! எனவே, உரிமையை விரிப்பதற்கு முன், செய்வோன் யாவன் என்று வினவுதலே அறிவுடைமையாம்.